இண்டக்சன் அடுப்பு ‘டப்’புனு போச்சா? போர்டு மாத்துறதா, பார்ட்டு மாத்துறதா, புதுசா?

போன ஆடி மாசம் ஒரு நாள் ராத்திரி, கரண்ட் போயிட்டு அப்பத்தான் வந்துச்சு, அப்பத்தாவுக்குக் கஞ்சி காய்ச்சலாம்னு இண்டக்சன் அடுப்புல பாத்திரத்த வச்சு பட்டன அமுக்குறேன், ‘டப்’புனு ஒரு சத்தம், வீடே இருட்டு. எம்சிபி, அதான் ஷார்ட் ஆனா தானா கரண்ட நிறுத்துற சுவிட்ச், விழுந்துருச்சு. பொசுங்குன வாடை வேற. அப்பத்தா கட்டில்ல படுத்தவாக்குல ‘ஏய்யா, தீவாளிக்குத்தான் இன்னும் நாளு கெடக்கே’ன்னாங்க. நாலு வருசம் ஓடுன அடுப்பு, 2,600 ரூவாய்க்கு வாங்குனது.

அடுத்த பதினஞ்சு நாள் மதுரைல வில்லாபுரத்துக்கும் டவுனுக்கும் அலைஞ்சதுல நாலு வழி இருக்குன்னு தெரிஞ்சுச்சு. புதுசு வாங்குறது, கம்பெனி சர்வீஸ்ல மொத்த போர்டையும் (உள்ள பார்ட்டெல்லாம் பதிச்சிருக்க பலகை) மாத்துறது, எந்தக் கம்பெனி அடுப்புக்கும்னு பொதுவா விக்கிற யுனிவர்சல் போர்டு வாங்கி மாட்டுறது, எரிஞ்ச பார்ட்ட மட்டும் மாத்துறது. நான் போனது கடைசி வழி, அதுலயும் ஒருதடவ அடிவாங்கிட்டுத்தான் அடுப்பு ஓடுச்சு, அதனால நடுநிலையா எழுதுவேன்னு எதிர்பாக்காதீங்க.

புதுசு பத்திப் பேச பெருசா ஒண்ணுமில்ல. காசு இருக்கு, அவசரம்னா போய் வாங்கிட்டு வந்துரலாம், வாரண்டி கெடைக்கும். மேல் கண்ணாடி விரிசல் விட்டிருந்தா யோசிக்கவே வேணாம், புதுசுதான், ஏன்னா பால் பொங்கி அந்த விரிசல் வழியா உள்ள எறங்குனா என்ன ரிப்பேர் பாத்தும் புண்ணியமில்ல. எங்களது கண்ணாடி, அதுக்கடியில சுத்தியிருக்க கம்பிச் சுருளான காயில், பட்டன் எல்லாம் நல்லா இருக்கு, உள்ள நகம் அளவு ஒரு சாமான் போனதுக்கு மொத்தத்தையும் தூக்கிப் போட மனசு வரல. எக்ஸ்சேஞ்ச்ல கேட்டப்ப 250 ரூவா தர்றேன்னாங்க, பழைய இரும்புக்கடைக்காரரே கொஞ்சம் மரியாதையாப் பேசுவாரு.

கம்பெனி சர்வீஸ்ல இருந்து ஒரு தம்பி வந்தாரு. நாலு ஸ்க்ரூவ கழட்டி அஞ்சு நிமிசம் பாத்துட்டு ‘போர்டு போயிருச்சு சார், 1,750, விசிட் 350 தனி’ன்னாரு. எரிஞ்சத மட்டும் மாத்த முடியாதான்னு கேட்டேன், பார்ட்டு தனியா எங்களுக்கு வராது சார்னுட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, ஏற்பாடே அப்படி. 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர், அதாவது ரிப்பேர் பாத்துக்கிற உரிமைன்னு ஒரு போர்ட்டல் கூடத் தொறந்துச்சு, ஆனா எனக்குத் தேவைப்பட்டது போர்ட்டல் இல்ல, 130 ரூவா சாமான் ஒண்ணு. ஒரு விசயத்த ஒத்துக்கிறணும், புது போர்டு போட்டா எது கோளாறுன்னு தேட வேண்டியதே இல்ல, எல்லாமே புதுசாயிரும், மூணு மாச வாரண்டியும் உண்டு. ஆனா 2,600 ரூவா அடுப்புக்கு 2,100 ரூவா வைத்தியம்னா எங்க வீட்ல என்னைய வைவாங்க.

யுனிவர்சல் போர்டு திருமங்கலத்துல டீக்கடை வச்சிருக்க எங்க சித்தப்பா போட்டது, நான் போட்டதில்ல. 550 ரூவா ஆச்சாம், ஓடுது. ஆனா பட்டன் இருக்க இடமும் கண்ணாடில அச்சடிச்சிருக்க எழுத்தும் ஒத்துவராது, ‘பால்’னு போட்ட எடத்த அமுக்குனா வறுக்குற சூட்டுல போகுது, சித்தி பேனாவால ஸ்டிக்கர் எழுதி ஒட்டியிருக்காங்க. காயிலும் அந்த போர்டுக்கு ஏத்தமாதிரி இருக்கணும், கண்ணாடிக்கடியில சூடு பாக்குற சென்சரும் ஒத்துப்போகணும், இல்லன்னா பத்து நாள்ல அதுவும் டப். சித்தப்பாவுக்கு அமைஞ்சிருச்சு, எல்லாருக்கும் அமையும்னு நான் சொல்லமாட்டேன்.

இப்ப நம்ம வழி. எரிஞ்சது ஐஜிபிடின்னு ஒரு சாமான், மூணு கால் வச்சு, சூட்ட இழுத்து வெளிய விடுற அலுமினிய ஹீட் சிங்க்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். செகண்டுக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல காயிலுக்குக் கரண்ட விட்டு விட்டு நிப்பாட்டுறது அதோட வேலை. சென்னை ஐஐடில 1969ல படிச்சு முடிச்ச ஜெயந்த் பாலிகா, அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்ல வேல பாத்தப்ப உருவாக்குனது இந்த ஐஜிபிடி, 2024ல அதுக்காக மில்லேனியம் டெக்னாலஜி பரிசு வாங்குனாரு. நம்ம ஊர்ல படிச்ச மனுசன் கண்டுபிடிச்ச சாமானா வெடிச்சுச்சுன்னு எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பசி.

மொதல்ல வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலதான் குடுத்தேன். சாயங்காலம் வாங்கன்னாரு, போனேன், ஐஜிபிடியும் பியூசும் மாத்திட்டேன், 400 ரூவான்னாரு. எனக்கு ஒரே சந்தோசம், பாத்தியா 400 ரூவால முடிச்சிட்டேன்னு வீட்ல பீத்திக்கிட்டேன். ரெண்டாம் நாள் காலைல இட்லிக்கு வச்சப்ப மறுபடி டப், இந்த தடவ போர்டு பக்கத்துல கறுப்பா புகை படிஞ்சுபோச்சு. கடைக்காரரு ‘கரண்ட் ஏத்த எறக்கம் தம்பி, நான் என்ன பண்ண’ன்னாரு.

அப்புறம் மச்சான் சொல்லி செல்லூர்ல ஒரு அண்ணன்கிட்ட போனேன். அந்தக் காலத்து பெட்டி டிவி ரிப்பேர் பாத்தவரு, அறுவது வயசு இருக்கும். தறிச் சத்தம் கேக்குற சந்துக்குள்ள சின்னக் கடை. அடுப்பத் தொறக்குறதுக்கு முன்னாடியே கேட்டாரு, ‘போன கடைல என்னத்த மாத்துனாங்க, என்னத்த அளந்து பாத்தாங்க?’ மாத்துனதச் சொன்னேன். அளந்ததா? அப்படி ஒண்ணு நடந்தமாதிரியே தெரியல.

பார்ட்டு மாத்துறது லாபமா நட்டமாங்கிறது மொத்தமும் இதுலதான் நிக்கிது. ஐஜிபிடி தானா சாகுறது கம்மி, வேற ஏதோ ஒண்ணு அதச் சாகடிக்குது, அது யாருன்னு தேடாம புதுச போட்டா புதுசும் போகும். அண்ணன் காயிலுக்குப் பக்கத்துல இருந்த, கரண்ட சேத்து வைக்கிற கெப்பாசிட்டரோட ஒரு கால மட்டும் சால்ட்ரிங் வச்சுத் தூக்கிவிட்டு மீட்டர வச்சாரு. மேல 0.3 மைக்ரோ ஃபாரட்னு எழுதியிருக்கு, மீட்டர்ல 0.21. பாக்க ஒரு குத்தமும் இல்ல, வீங்கல, வெடிக்கல, புதுசு கணக்கா இருக்கு. காயிலும் அந்த கெப்பாசிட்டரும் சேந்து ஊஞ்சல் மாதிரி கரண்ட அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுமாம், கெப்பாசிட்டர் அளவு கொறைஞ்சா ஊஞ்சல் தாங்குற ஒசரத்துக்கு மேல போயிரும். ஐஜிபிடி தாங்குறது 1,200 வோல்ட், அடுப்பு முழு சூட்டுல ஓடுறப்ப நல்ல கெப்பாசிட்டர் இருந்தாலே வோல்ட் அதுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்கும், இதுல கெப்பாசிட்டரும் இளைச்சிட்டா எங்கிட்டு தாங்கும்.

அதோட விடல. காயில்ல இருந்து சின்ன ஐசிக்கு (சிப்புக்கு) போற, கரண்ட மட்டுப்படுத்துற ரெண்டு மூணு பெரிய ரெசிஸ்டர அளந்தாரு, அதுல ஒண்ணு மதிப்பு ஏறியிருந்தாலும் ஐஜிபிடி தப்பான நேரத்துல ஆன் ஆகி சூடாகிப் போகுமாம், எங்களதுல சரியா இருந்துச்சு. ஐஜிபிடி போடாமலே கரண்ட் குடுத்து 18 வோல்ட் சப்ளை வருதான்னு பாத்தாரு, அது கொறைஞ்சாலும் ஐஜிபிடி அரைகுறையா ஆன் ஆகி வெந்துபோகும். ஏசி கரண்ட டிசியா மாத்துற பிரிட்ஜ்னு ஒரு பார்ட்டு போயிருந்துச்சு, மாத்துனாரு. ஃபேன் ஓரத்துல ரெண்டு கரப்பான் காஞ்சு கெடந்துச்சு, பிரஷ்ஷால தட்டிவிட்டாரு.

எல்லாம் போட்டப்புறம் நேரா ப்ளக்குல சொருகல. பழைய குண்டு பல்பு ஒண்ண சீரிஸ்ல மாட்டி அது வழியா கரண்ட் குடுத்தாரு. உள்ள இன்னும் ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், பார்ட்டு தப்பிச்சிரும். எங்களதுக்கு பல்பு ஒருதடவ மினுக்குன்னு கண்ண சிமிட்டிட்டு அணைஞ்சிருச்சு, டிஸ்ப்ளே வந்துருச்சு. அந்த சிமிட்டலப் பாக்க நான் ரெண்டு மணி நேரம் நின்னேன், ஒரு டீயும் வாங்கிக் குடுத்தாரு. நான் குடுத்த மொத கடைல அந்த பல்பே இல்ல. இப்பல்லாம் ரிப்பேர் கடைக்குள்ள நுழைஞ்சா மொதல்ல சீரிஸ் பல்பு இருக்கான்னுதான் கண்ணு தேடுது.

பில்லு: ஐஜிபிடி 130, பிரிட்ஜ் 60, கெப்பாசிட்டர் 45, பியூஸ் 10, கூலி 350, மொத்தம் 595. மொத கடைல விட்ட 400ஐயும் சேத்தா கிட்டத்தட்ட ஆயிரம், அதையும் கணக்குல வைக்கணும்ல. அப்பவும் கம்பெனி சொன்ன 2,100ல பாதிகூட இல்ல.

பார்ட்டு நாமளே வாங்கிட்டு வரச் சொன்னா ஒரு விசயம் பாத்துக்கங்க. பழைய போர்டுல இருந்து கழட்டி, மேல நம்பர புதுசா அடிச்சு விக்கிற ஐஜிபிடி நெறைய சுத்துது. காலு குட்டையா இருந்தாலோ, காலுல ஈயம் ஒட்டுன தடம் இருந்தாலோ அது கழட்டுன சாமான். விலையும் ரொம்ப கம்மியா இருக்கும். அடுத்தது, பழசு 20 ஆம்பியர் 1,200 வோல்ட்டா இருந்தா புதுசும் அதே வோல்ட்டுல, உள்ளயே டயோட் (கரண்ட ஒரே பக்கமா மட்டும் விடுற பார்ட்டு) இருக்கிற வகையா வாங்கணும், டயோட் இல்லாதத மாட்டுனா நிக்காது. நானே கழட்டிப் பாக்குறேன்னு உக்கார்றவங்களுக்கு, ப்ளக்க புடுங்குன ஒடனே கைய வைக்காதீங்க, உள்ள இருக்க கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் பக்கம் நிக்கும். ப்ளக்குல இருக்கப்ப ஹீட் சிங்க்க தொடவே தொடாதீங்க, அதுவும் ஷாக்கடிக்கும்.

எட்டு மாசமா ஓடுது. அஞ்சு வருசம் ஓடுமான்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல, அண்ணன் ஒரு மாசத்துக்குத்தான் பொறுப்பு சொன்னாரு. இன்வெர்ட்டர் ஏசி, வாசிங் மெசின் போர்டு நெறையத்துல மேல ரப்பர் மாதிரி ஊத்தி மூடியிருப்பாங்க, அதுக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது, அங்க நான் கம்பெனி போர்டு பக்கம்கூட சாஞ்சிருவேன்.

இப்ப ஒரு வாரமா ஃபேன் மட்டும் கரகரன்னு சத்தம் போடுது. காத்து கொறைஞ்சா ஐஜிபிடிக்குத்தான் மறுபடி கேடுன்னு அண்ணன் போன்ல சொன்னாரு, புது ஃபேன் 90 ரூவாயாம். ஞாயித்துக்கிழம செல்லூர் போகணும்.