நுவரெலியா லீக்ஸ்: வீதியோரக் கடையில் வாங்குவதும் வீட்டில் சமைப்பதும்

ஏப்ரல் சீசனில் இலங்கை மலையகத்தின் நுவரெலியாவிலிருந்து கண்டிப் பக்கமோ வெலிமடைப் பக்கமோ இறங்கினால், வீதியோர மரக்கறிக் கடைகளில் கரட், பீட்ரூட், நோக்கோலுக்கு நடுவே நீட்டு நீட்டாக லீக்ஸ் (வெங்காய இனத்து மரக்கறி, வெள்ளைத் தண்டும் பச்சை இலையும்) கட்டி வைத்திருப்பார்கள். சூப்பர்மார்க்கெட்டில் வெட்டிப் பொதி செய்து விற்பதை விட இந்த முழுக் கட்டுதான் நல்ல சரக்கு. வெட்டி வைத்த லீக்ஸில் வாசம் சீக்கிரம் போய்விடும், வெட்டுவாய் காய்ந்து நார்ப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதியில் பச்சை இலை குறைவாக இருக்கும். லீக்ஸின் பாதி ருசி அந்த இலையில்தான் இருக்கிறது.

வேரோடு இருக்கும் கட்டையே கேளுங்கள். வெள்ளைத் தண்டை விரலால் அமுக்கினால் இறுக்கமாக இருக்க வேண்டும். பெருவிரல் பருமனிலிருந்து இரண்டு விரல் பருமன் வரை சமையலுக்குச் சரியான அளவு. மிகப் பருத்ததில் சில வேளை நடுவில் பூத்தண்டு வந்திருக்கும். அந்தக் குச்சி எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாது, உருவி எறிய வேண்டியதுதான். இலை நுனி மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை, வெட்டிவிடலாம். ஊதா நிறத்தில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்திருந்தால் அது பூஞ்சண நோய், அந்தக் கட்டு வேண்டாம். வெள்ளிக் கீறல்கள் பேன் பூச்சி சுரண்டிய அடையாளம். சாப்பிடலாம், ஆனால் இலை கொஞ்சம் முரடாக இருக்கும். இந்தக் கடைகளில் உள்ள ஒரே குறை தண்ணீர் தெளிப்பது. பளபளப்பாகத் தெரிய வேண்டுமென்று தெளித்துக்கொண்டே இருப்பதால், கட்டின் உள்பக்கம் நனைந்து இரண்டு நாளில் வழுவழுக்கத் தொடங்கும். கட்டை அவிழ்த்து உள்ளே பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார்.

லீக்ஸ் சமையலைக் கெடுப்பது பெரும்பாலும் மண். தண்டு வெள்ளையாக வர வேண்டுமென்று தோட்டத்தில் அடிக்கு மண் அணைப்பார்கள். அந்த மண்ணும் மழையில் தெறிக்கும் மண்ணும் இலைகள் பிரியும் இடத்தில் இறங்கி அடைந்துவிடும். வெளியே கழுவினால் போகாது. வேருக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு, அங்கிருந்து நுனி வரை நீளவாக்கில் கீறுங்கள். வேர்ப்பக்கம் மேலே, இலை கீழே இருக்கும்படி பிடித்து, ஒவ்வொரு மடிப்பாக விரித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பிறகு வெட்டி, பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பிப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கையால் அள்ளி எடுங்கள். பேசினை வடிதட்டில் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் முழுவதும் மறுபடி லீக்ஸ் மேலேயே விழும். பேசின் அடி சுத்தமாகத் தெரியும்வரை இப்படிச் செய்து, கால் மணி நேரம் நீர் வடியவிடுங்கள். ஈரத்தோடு தாச்சியில் போட்டால் வதங்காது, அவிந்து கூழாகும்.

வெள்ளைத் தண்டை அரை சென்ரிமீற்றர் வளையமாக வெட்டலாம். இலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால், அதைக் குறுக்கே மிக மெல்லிசாக, இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு அரியுங்கள். நாராக இருக்கிறது என்று இலையை ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் தடிப்பாக வெட்டியவர்கள். வெளியே உள்ள ஓரிரண்டு முரட்டு இலை மட்டும் சூப்புக்குப் போகட்டும்.

உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்ட பிரட்டலுக்கு, சுத்தம் செய்த லீக்ஸ் 400 கிராம், கிழங்கு 250 கிராம். கிழங்கை உப்புப் போட்டுத் தனியே முக்கால் பதத்துக்கு அவித்துக்கொள்ளுங்கள். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் கொழும்பில் எடுக்கும் நேரம் அங்கே போதாது, குத்திப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, கறிவேப்பிலை, ரம்பை இலைத் துண்டு, வெட்டிய வெங்காயம் ஒன்று. வெங்காயம் நிறம் மாறுமுன் ஒரு தேக்கரண்டி இடித்த மிளகாய், கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி இடித்த மாசிக் கருவாடு. உடனே வெள்ளைத் தண்டைப் போட்டு நடுத்தர நெருப்பில் ஐந்து நிமிடம், பிறகு இலையும் கிழங்கும் சேர்த்து இன்னும் ஆறேழு நிமிடம் பிரட்டுங்கள். நெருப்பைக் கூட்டினால் லீக்ஸின் இனிப்புக் கருகிக் கசப்பு ஏறும். மூடி போட்டால் பச்சை மங்கித் தண்ணீர் விடும். உப்பைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போடுவதும் தண்ணீர் விடாமல் இருக்கத்தான். மாசிக்குப் பதில் கூனி இறால் போட்டால் இன்னும் ருசி, ஆனால் கூனியைத் தனியே வறுத்துக் கடைசியில் தூவ வேண்டும். பருப்புக் கறியில் லீக்ஸ் போடுவதானால் பருப்பு வெந்து கடைந்த பிறகு, தாளிதத்தோடு.

இங்கிலீஷ் சமையல் குறிப்புகளில் வசந்த காலத்தில் வரும் காட்டு லீக்ஸ் வேறு செடி. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் தானாக முளைப்பது, அகல இலை, பூண்டு வாசம். விதையிலிருந்து பூக்கும் பருவத்துக்கு வரவே ஐந்து முதல் ஏழு வருடம் எடுப்பதால், அளவுக்கு மீறிப் பிடுங்கி அழிந்துவந்தது. கனடாவின் கியூபெக்கில் 1995 முதல் அதை விற்கவே தடை. மலையகத்தில் அது கிடைக்காது. அந்தக் குறிப்பில் 100 கிராம் கேட்டிருந்தால், நம்முடைய லீக்ஸின் உள் இளம் இலை 90 கிராமும் நசுக்கிய பூண்டு இரண்டு பல்லும் போடுங்கள். காட்டு லீக்ஸ் இலை ஒரு நிமிடத்தில் வதங்கிவிடும், நம்முடையதற்கு நாலைந்து நிமிடம் வேண்டும். ஆகவே இலை முதலில், பூண்டு கடைசி அரை நிமிடத்தில். முட்டைப் பொரியலுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. பச்சையாக அரைக்கும் சட்னி வகைகளுக்குப் பொருந்தாது, நார் நாக்கில் தட்டும்.

வாங்கி வந்ததைக் கழுவாமல், ஈரத்தைத் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம். ஊருக்குப் போகும் வழியில் தேயிலையும் வாங்கியிருந்தால் இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். தேயிலை லீக்ஸ் வாசத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு அந்தத் தேயிலையைக் குடிக்க முடியாது.