பொதுத் தோட்டத்துக்கு உள்ளாட்சி தரும் நீர்ச்சிக்கன மானியம்: 5க்கு 3.5

எங்கள் கட்டடத்தில் மேலே வீடுகள், தரைத்தளத்தில் கடைகள். சங்கச் செயலாளர் என்ற முறையில் பொதுத் தோட்டத்துக்கான மானியத்தை விண்ணப்பம் முதல் பணம் வரை அலைந்து வாங்கியவன் நான். திட்டம் நல்ல திட்டம். படிவத்தைத்தான் தனி வீட்டுக்காரரை மட்டும் நினைத்துத் தயாரித்திருக்கிறார்கள்.

முதலில் நல்லது. அனுமதி தருவதற்கு முன் ஓர் ஆய்வாளர் நேரில் வருகிறார். எங்களுக்கு வந்த அம்மா, புல்வெளியில் ஒரே அளவு டப்பாக்களைப் பரப்பி வைத்து, தெளிப்பான்களை ஓடவிட்டு அளந்தார். நடுவில் இருந்த டப்பாவில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர். மூலையில் இருந்ததில் அடி நனைந்ததோடு சரி. அந்த மூலை காய்கிறதே என்றுதான் தோட்டக்காரர் மொத்தப் புல்லுக்கும் நேரத்தைக் கூட்டி வைத்திருந்தார். அப்புறம் அந்த அம்மா அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார். ஸ்பிரே வகைத் தெளிப்பானுக்கு 30 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) போதும். எங்கள் குழாயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாதித் தண்ணீர் புகையாகப் பறந்து நடைபாதையில் இறங்கியதற்குக் காரணம் அதுதான். பணமே தராமல் இந்த ஆய்வை மட்டும் செய்துகொடுத்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் சொன்னபடி அழுத்தம் குறைக்கும் தெளிப்பான்களும், அவற்றின் முனையில் மெல்லிய தாரைகளாகச் சுழற்றி வீசும் சுழல் நாசில்களும் போட்டோம். சாதா நாசில் மணிக்கு 40 மி.மீ. வரை கொட்டும், சுழல் நாசில் 10 மி.மீ. அளவில்தான் விடும். களிமண் நிதானமாகக் குடிக்கிறது, வழிந்து ஓடுவதில்லை. ஓடும் நேரம் கூடுவதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஆனால் ஒரே வால்வில் இரண்டு வகையையும் கலக்காதீர்கள், ஒரே நேரத்தில் ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் காயும்.

இனி காகித வேலை. தண்ணீர் இணைப்பு யார் பெயரிலோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். எங்கள் இணைப்பு இன்னமும் கட்டடம் கட்டியவர் பெயரில் இருந்தது! பெயர் மாற்றம், பொதுக்குழுத் தீர்மான நகல், கடை உரிமையாளர்களின் சம்மதக் கடிதம் என்று இழுத்துக்கொண்டே போனது. கடைகளில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள், தண்ணீர்க் கட்டணமும் அவர்களே கட்டுகிறார்கள். செலவில் பங்கு கொடுப்பது உரிமையாளர், மிச்சம் போவது வாடகைக்காரருக்கு. "எனக்கென்ன லாபம்?" என்று ஓர் உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்குத் திட்டத்தில் பதில் இல்லை.

அனுமதிக் கடிதம் வருவதற்குள் வாங்கிய பொருளுக்குச் சல்லிக்காசு கிடைக்காது. பொருளும் கூலியும் சேர்ந்த மொத்தப் பில்லும் செல்லாது. மாடல் எண்ணோடு தனித்தனியாக வேண்டும். இதை ஒப்பந்ததாரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பணம் வேலை முடிந்து, மறு ஆய்வும் ஆன பிறகுதான் வரும் என்பதால் அதுவரை சங்க நிதி தாங்க வேண்டும்.

எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. தோட்டத்துக்கான தனி மீட்டர் மானியப் பட்டியலில் இல்லை. குளியலறையும் புல்வெளியும் ஒரே மீட்டரில் ஓடினால் எவ்வளவு மிச்சமானது என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் சொந்தச் செலவில், வேலை தொடங்கும் முன்பே ஒன்றைப் போட்டுக்கொண்டோம்.

ஒரே உரிமையாளர் உள்ள அலுவலக வளாகம் என்றால் யோசிக்காமல் விண்ணப்பியுங்கள். எங்களைப் போன்ற கலப்புக் கட்டடம் என்றால், படிவத்தை வாங்குவதற்கு முன் பழைய தண்ணீர் பில்லை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.