ஜீப்பின் பின்பக்கத்தில் நாய்க்கு ஒரு மேடை: பலகையா, இரும்பா, அலுமினியமா?

மாருதி ஜிம்னியிலோ மஹிந்திரா தாரிலோ நாயை ஏற்றிக்கொண்டு மலைப்பாதைக்குப் போகிறவர்களுக்கு முதலில் தலைவலியாவது பின்னிருக்கைதான். அது மனிதர் காலைத் தொங்கவிட்டு உட்காருவதற்காகச் செய்யப்பட்டது; நான்கு காலில் நிற்கும் ராஜபாளையம் நாய்க்கு அதில் பிடிமானம் கிடையாது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் அது ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பக்கம் சரிந்து, கடைசியில் முன்னிருக்கைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் விழுந்து கிடக்கும். இருக்கையை மடக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால், மடக்கிய இருக்கை ஒரு சாய்வையும் ஒரு படியையும் அதற்கு முன்னால் ஒரு குழியையும் விட்டுவைக்கிறது. இந்த மூன்றையும் மூடிச் சமதளமாக்குவதுதான் மேடையின் வேலை. நம் ஊர் வண்டிகளின் அளவுக்குப் பொருந்துகிற ஆயத்த மேடை கிடைப்பது அரிது என்பதால், பெரும்பாலும் தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ சொல்லிச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தப் பொருளில் செய்வது என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. என் கணிப்பில் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. நாய் எதில் கட்டப்படுகிறது என்பதும், மேடை எவ்வளவு உயரம் என்பதும் அதற்கு முன்னால் முடிவாக வேண்டியவை.

முதலில் கட்டு. 30 கிலோ எடையுள்ள நாயோடு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த நாய் தன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசையுடன், அதாவது 600 கிலோ சுமைக்கு ஈடாக, முன்னால் பாயும். மேடையே 15 கிலோ இருந்தால் அதுவும் தன் பங்குக்கு 300 கிலோ விசையுடன் முன்னிருக்கையின் முதுகில் வந்து மோதும். ஆகவே நாயின் கட்டுவாரை மேடையில் அடித்த ஒரு கொக்கியில் மாட்டுவது, இரண்டு சுமையையும் ஒன்றாக்கி மரத்திருகாணிகளின் தலையில் ஏற்றுவதாகும். நாய் வண்டியின் உடலோடு கட்டப்பட வேண்டும். மேடை தனியாக வண்டியின் உடலோடு முடுக்கப்பட வேண்டும். கழுத்துப்பட்டையில் கட்டாமல், மார்பை முழுதாகச் சுற்றும் அகலமான சேணத்தில் (ஹார்னஸ்) கட்டுவதும், படுக்கவும் திரும்பவும் போதுமான, ஆனால் முன்னிருக்கையைத் தாண்ட முடியாத அளவுக்கு வார் குட்டையாக இருப்பதும் எந்தப் பொருளில் மேடை செய்தாலும் மாறாதவை.

அடுத்தது உயரம். மேடைக்கு அடியில் இழுப்பறை, தண்ணீர்க் கேன், கருவிப்பெட்டி எல்லாம் வைக்கலாம் என்ற ஆசையில்தான் பலர் இதைத் தொடங்குகிறார்கள். ஆனால் அடியில் எடுக்கும் ஒவ்வொரு அங்குலமும் நாயின் தலைக்கு மேலிருந்து வருகிறது. ராஜபாளையம் தோள் வரையிலேயே 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை உயரும் நாய்; தலையும் கழுத்தும் அதற்கு மேல். நாய் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து, குலுக்கலுக்காக அதனுடன் ஒரு கை அகலத்தைச் சேர்த்து, அதை வண்டித் தரையிலிருந்து கூரையின் உட்புறம் வரையுள்ள உயரத்திலிருந்து கழித்தால் எஞ்சுவதுதான் மேடைக்கான உயரம். பல வண்டிகளில் அந்தக் கணக்கு மடக்கிய இருக்கைக்கு மேல் நாலைந்து விரலுக்கு மேல் விடாது. மேலும், 30 கிலோ உயிர்ச்சுமை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, பக்கவாட்டுச் சரிவில் வண்டி அவ்வளவு தள்ளாடும். ஜிம்னியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர், தாரினுடையது 226. ஏற்கெனவே உயர்ந்து நிற்கிற இந்த வண்டிகளில் இன்னும் ஓர் அடி மேலே நாயை ஏற்றுவது வண்டிக்கும் நல்லதல்ல, வயதான நாயின் இடுப்புக்கும் நல்லதல்ல. இழுப்பறை வேண்டுமென்றால் சிப்பிப்பாறை அளவு நாய் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். அதற்கும் பெரிய நாய் உள்ளவர்கள் சாமானைக் கூரைத் தாங்கிக்கு அனுப்புவதே முறை, அங்கேயும் கனம் குறைந்ததை மட்டும்.

இவ்விரண்டும் முடிவான பிறகுதான் பொருள்.

மிகச் சுலபமான வழி, கடையில் கிடைக்கும் தொட்டில் விரிப்பு. நான்கு மூலையிலும் வார் உள்ள கெட்டித் துணியை முன்னிருக்கை, பின்னிருக்கை இரண்டின் தலைத் தாங்கிகளிலும் மாட்டிவிட்டால், பள்ளம் மூடப்பட்டது போலத் தோன்றும். நெடுஞ்சாலைக்கு இது போதும். கரடுமுரடான பாதையில் போதாது. துணி தொய்வதால், நாய் தன் எடையைத் தாங்க ஓயாமல் நான்கு காலாலும் உழைத்துக்கொண்டே வரும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மலைக்குப் போகிறவர் இதைத் தாண்டிச் செலவழிக்க வேண்டியதில்லை.

பிளைவுட் மேடையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோருக்கு ஏற்றது அதுதான், அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். முதல் கேள்வி பலகையின் தரம். கடைக்காரர் கமர்ஷியல் பிளை என்று எடுத்துப் போடுவது ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும், நனைந்தால் தாங்காது. வால்பாறை மழையில் நனைந்து ஏறும் நாயிடமிருந்து வடியும் தண்ணீர் பலகையின் ஓரங்களில்தான் போய்த் தேங்கும். ஓரம் ஊதினால் அடுக்குகள் பிரியும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடாதபடி சோதிக்கப்படுவது. விலை கூடுதல் என்றாலும் இங்கே அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பலகையாக இருந்தாலும் அறுத்த ஓரங்களுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் எபாக்ஸி என்ற நீர்புகாப் பிசினைப் பூசாமல் விட்டால் முத்திரைக்குப் பொருளில்லை.

இரண்டாவது கேள்வி தடிமன். பயந்துபோய் எல்லாவற்றையும் 18 மில்லிமீட்டரில் செய்யச் சொல்கிறார்கள். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பலகை ஏறத்தாழ 35 கிலோ, 12 மில்லிமீட்டர் பலகை 23 கிலோ. மேல்தளத்துக்கு 12 மில்லிமீட்டரே போதும்; ஆனால் அடியில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம் நிற்க வேண்டும். நாயின் எடை பரவி இறங்குவதில்லை என்பதே காரணம்: பின்கதவு வழியாகத் தாவி ஏறும்போது உடலின் சுமை முழுவதும் ஒரு கணம் இரண்டு முன்பாதங்களில், அதாவது உள்ளங்கை அகலமே உள்ள இடத்தில், இறங்குகிறது. மேல் அடுக்கின் நார் இந்தச் சட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். நீளவாக்கில் ஓடினால் அதே பலகை தொய்யும். சட்டங்களை ஆணியடித்துச் சேர்ப்பதும் கூடாது. மண்பாதையின் அதிர்வில் ஆணி மெல்ல மெல்ல மேலெழும். பசையும் திருகாணியும் சேர்ந்தே பிடிக்க வேண்டும்.

பிளைவுட்டின் பெரிய ஆதாயம், வண்டியின் வளைவுக்கு ஏற்ப அதை வெட்ட முடிவதுதான். சக்கரத்துக்கு மேலே உள்ளே புடைத்திருக்கும் வீல் ஆர்ச் எந்த வண்டியிலும் நேர்கோட்டில் இருப்பதில்லை. குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அந்த வளைவின் மேல் வைத்துச் சிறிது சிறிதாகக் கத்தரித்து, பொருந்திய பிறகு அந்த அட்டையைப் பலகையில் வைத்துக் கோடு போட்டால், தச்சரின் அளவுநாடாவை விட அது சரியாக வரும். பலகை வண்டியின் பக்கத்தகட்டைத் தொடாதபடி சுற்றிலும் அரை விரல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிப் பதித்துவிட்டால் கிறீச்சிடும் சத்தம் போய்விடும். இந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது. காதுகூர்மையுள்ள நாய்க்கு அது நம்மைவிடப் பெரிய தொல்லை.

முன்னிருக்கைக்குப் பின்னாலுள்ள குழியை மூடும் பகுதியை மட்டும் தனிப்பலகையாக்கி, நீளமான பியானோ கீலில் மாட்டி, கீழே ஒரு மடக்குக்கால் கொடுப்பது நல்லது. அந்தப் பலகையை முன்னிருக்கையின் முதுகில் சாய்த்து நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மிகத் தவறு. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பலகையின் முனை ஒன்று காத்திருக்கும். நான்கு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

இரும்புச் சட்டத்துக்கு வருவோம். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில், 1.6 மில்லிமீட்டர் தகட்டில், ஒரு மீட்டர் ஏறத்தாழ 1.2 கிலோ வரும். தாழ்வான மேடைக்கு 9 மீட்டர் குழாய் போதும் என்று வைத்தால் சட்டம் 11 கிலோவுக்குள் முடிகிறது. மேலே 9 மில்லிமீட்டர் பலகை போட்டால் இன்னும் 7 கிலோ. மொத்தம் 18 கிலோ. முழுக்க பிளைவுட்டில் செய்ததும் சட்டங்களோடு சேர்ந்து 15 கிலோ வரும் என்பதால், இரும்பு கனம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது தாழ்வான மேடையைப் பொறுத்தவரை அவ்வளவாக எடுபடாது. உயர்த்திக் கட்டி இழுப்பறை வைக்கும்போதுதான் எடை ஏறுகிறது. அப்படிக் கட்டுவதென்றால் இரும்பே பாதுகாப்பு, ஏனெனில் உயரமான பலகைப்பெட்டி பக்கவாட்டு அசைவில் மூலை விட்டுப்போகும்.

இரும்பின் பலவீனம் துரு. வெல்டிங் முடிந்த கையோடு கசடைத் தட்டித் தேய்க்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்துத் தருவது பட்டறைகளில் சாதாரணம். முதல் மழைக்காலத்திலேயே ஒட்டுகளில் பழுப்பு வடிகிறது. நாயின் சிறுநீர் உப்பு அதை இன்னும் விரைவுபடுத்தும். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு பூச்சு, குழாயின் திறந்த முனைகளை மூடி ஒட்டுவது ஆகிய இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சட்டத்தை வண்டிக்குள் வைத்து வெல்டிங் செய்ய மட்டும் யாரையும் விடக் கூடாது. பொறியில் இருக்கைத் துணி கருகுவதைவிட, பேட்டரியைக் கழற்றாமல் செய்தால் மின்னணுப் பாகங்கள் பழுதாகும் அபாயம் பெரிது.

அலுமினியம் பார்வைக்கு அழகு. காடியுள்ள 30 மில்லிமீட்டர் கம்பிகளை அறுத்து வாங்கி, வெல்டிங் இல்லாமல் போல்ட் மட்டும் கொண்டே வீட்டில் இணைத்துவிடலாம். பிறகு உயரத்தை மாற்றவும் முடியும். துருப் பயமும் இல்லை. ஆனால் இந்தக் கம்பி மீட்டருக்கு 0.9 கிலோ அளவில் இருப்பதால், எடையில் மிச்சமாவது சட்டத்துக்கு இரண்டு மூன்று கிலோதான். செலவோ ஒவ்வொரு இணைப்புத் துண்டுக்கும் ஏறிக்கொண்டே போகும். அதிர்வில் இந்த போல்ட்டுகள் தளர்வதும் உண்மை. வண்டியை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கும், கழற்றி மாட்டும் வேலையை விரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு இதில் பணத்துக்கேற்ற பயன் இல்லை என்பது என் கருத்து.

வண்டியைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். ஐந்து கதவு ஜிம்னியில் பக்கவாட்டில் திறக்கும் பின்கதவும் பின்பக்கக் கதவுகளும் இருப்பதால் தாழ்வான பிளைவுட் மேடையே எல்லா வகையிலும் முந்துகிறது; குழிப்பலகையை மடக்கப் பின்பக்கக் கதவுகள் வழியாகக் கை எட்டுகிறது. மூன்று கதவுத் தாரில் பின்பக்கத்துக்குக் கதவே கிடையாது, முன்னிருக்கையைச் சாய்த்துத்தான் நுழைய வேண்டும்; பின்கதவிலும் கண்ணாடி மேலேயும் கீழ்ப்பாதி பக்கவாட்டிலும் என்று இரண்டாகத் திறக்கிறது. அதில் நாய் ஏறுவது ஒரே வழியில், ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் தாவி. அந்த ஓரம் அடி வாங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், அங்கே இரும்புச் சட்டத்தின் மேல் பலகை என்ற கலவையே நிற்கும்.

பின்னிருக்கையையே கழற்றிவிட்டால் உயரம் மிச்சமாகுமே என்று கேட்பார்கள். மிச்சமாகும். ஆனால் எத்தனை பேர் அமரும் வண்டி என்பது பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டுள்ள விவரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அந்த விவரங்கள் உற்பத்தியாளர் தந்த குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. விபத்து நேர்ந்து காப்பீட்டுக்குப் போகும் நாளில் இது பேச்சாகும். ஆகவே இருக்கையை மடக்கி, அதன் மேல் கழற்றக்கூடிய மேடையை வைப்பதே பாதுகாப்பு. முடுக்குவதற்கு வண்டியில் ஏற்கெனவே உள்ள சாமான் கட்டும் வளையங்களையும் இருக்கைத் துளைகளையும் பயன்படுத்தலாம். புதிய போல்ட் போட்டால் அதன் தலையில் 8.8 என்ற வலிமைத் தர எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டுகளைத் தொடவே கூடாது.

மேல்விரிப்பில் கம்பளமும் வேண்டாம், வழவழப்பான ரெக்சினும் வேண்டாம். முன்னது நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னதில் நகம் வழுக்கும். சொரசொரப்பான ரப்பர் விரிப்பு சிறந்தது, ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை மயிர் நாய்களுக்கு முழங்கையில் சதைப்பற்று குறைவு. கெட்டித் தரையில் நெடுநேரம் படுத்தால் அங்கே தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்துவிடும். ரப்பருக்கு மேலே, உறை கழற்றித் துவைக்கக்கூடிய இரண்டங்குல மெத்தையை நான்கு மூலையிலும் வெல்க்ரோ ஒட்டி நிறுத்த வேண்டும்.

விரிப்பை ஒட்டுவதற்கு முன்பே, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை மேடையின் மேல் கட்டி, தெரிந்த மோசமான பாதையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. மூட்டை நாயைப் போல முறையிடாது என்றாலும், எந்த மூலையில் சத்தம் வருகிறது, எந்தச் சட்டம் தொய்கிறது என்பதைக் காட்டிவிடும். திரும்பி வந்ததும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கி, தலையிலிருந்து தகடு வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவைத்தால், அடுத்த பயணத்துக்குப் பிறகு எது தளர்ந்தது என்று ஸ்பானரை எடுக்காமலே தெரியும்.