பிரென்னனா, வார்ட் பாண்டா?

பழைய ஹாலிவுட்டின் இந்த இரண்டு துணை நடிகர்களில் யார் மேல்? துணை நடிகருக்கான ஆஸ்கரை வால்டர் பிரென்னன் 1936, 1938, 1940 ஆண்டுகளின் படங்களுக்காக மூன்று முறை வாங்கினார். வார்ட் பாண்டின் பெயர் ஒருமுறைகூட பரிந்துரைப் பட்டியலில் வந்ததில்லை. பரிசை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் திரையில் பார்த்தால் கதை வேறு. பிரென்னன் தன் வயதை மீறிய கிழவராக உருமாறுவார். விபத்தில் பற்களை இழந்தவர். பொய்ப்பல்லைக் கழற்றினாலே முகமும் பேச்சும் மாறிவிடும். பாண்ட் உருமாற மாட்டார். பெரிய உடம்பு, கரகரத்த குரல். போலீஸ்காரரோ பாதிரியாரோ, வந்து நின்றாலே போதும், அந்த ஊர் நிஜமாகிவிடும். 'மை டார்லிங் கிளமென்டைன்' (1946) படத்தில் இருவரும் எதிரெதிர் அணி. அதில் பிரென்னனின் கொடூரத் தகப்பன்தான் மனதை உறைய வைக்கிறான்.

1957-ல் இருவருமே தொலைக்காட்சிக்குப் போனார்கள். பிரென்னனுக்கு 'தி ரியல் மெக்காய்ஸ்' நகைச்சுவைத் தொடர். அதே செல்லக் கிழவர்தான். பாண்டுக்கோ 'வேகன் ட்ரெய்ன்' தொடரில் மேற்கே குடியேறப் போகும் வண்டிக் கூட்டத்தின் தலைவர் வேடம். பல வருடம் ஓரத்தில் நின்றவர் அப்புறம்தான் நடுவுக்கு வந்தார். 1960 நவம்பரில் மாரடைப்பில் இறந்தபோது வயது 57.

சினிமா என்றால் பிரென்னன், சரி. தொலைக்காட்சியில் என் ஓட்டு பாண்டுக்கே.