எய்ட்ஸ் மெமோரியல் குயில்ட் ஆன்லைன் தேடல்: ட்ரம் கோர் ஆளுங்க கண்டிப்பா பயன்படுத்தணும்

சான் ஃபிரான்சிஸ்கோல இருக்கற நேஷனல் எய்ட்ஸ் மெமோரியல் நடத்தற ஆன்லைன் குயில்ட் (எய்ட்ஸ்ல இறந்தவங்க நினைவா துணித் துண்டுகள சேத்துத் தெச்ச பெரிய போர்வை) பத்தின ரிவ்யூ இது. காசு கிடையாது, யார் வேணா போய்ப் பாக்கலாம். என் ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு. ஆனா ட்ரம் கோர் (ஊதற வாத்தியம், ட்ரம், கொடியோட மைதானத்துல அணிவகுத்து ஷோ பண்ற இளைஞர் குழு), விண்டர் கார்டு (கொடி, மர ரைஃபிள் சுத்தி உள்ளரங்கத்துல ஆடற குழு), ஸ்கூல் பேண்ட்னு இந்த மார்ச்சிங் உலகத்துலேர்ந்து போறவங்களுக்கு அங்க நிறைய தேடல் வெறுங்கையோட முடியும், அதுக்குக் காரணம் அந்த சைட் இல்ல, அதப் பத்தியும் சேத்துதான் எழுதறேன்.

முதல்ல தெரியாதவங்களுக்கு. க்ளீவ் ஜோன்ஸ்னு சான் ஃபிரான்சிஸ்கோ ஆக்டிவிஸ்ட் ஒருத்தருக்கு 1985ல வந்த யோசனை இந்த குயில்ட். எய்ட்ஸ்ல இறந்த ஒவ்வொருத்தருக்கும் மூணடிக்கு ஆறடி துணி, அதுக்குப் பேர் பேனல், ஒரு ஆளப் புதைக்கற குழி அளவு, அதுல அவங்க பேரத் தெச்சு வேண்டியவங்க கைப்பட செஞ்சு குடுக்கறது. 1987 அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன்ல நேஷனல் மால்ங்கற பெரிய புல்வெளில முதல் தடவ விரிச்சப்போ 1,920 பேனல். இன்னைக்கு கிட்டத்தட்ட 50,000 பேனல், 1,10,000 பேர், மொத்த எடை 54 டன்னு சொல்றாங்க. முழுசா ஒரே எடத்துல கடைசியா விரிச்சது 1996ல, அதுக்கப்பறம் அவ்ளோ பெரிசா விரிக்க எடம் பத்தல. அதனாலதான் இந்த ஆன்லைன் வசதி ரொம்ப முக்கியம், வேற ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு குறிப்பிட்ட பேனல உக்காந்த எடத்துலேர்ந்து பாக்க வேற வழி இல்ல.

நான் எப்படி அங்க போனேன்னா, என் பொண்ணு ஹை ஸ்கூல்ல கலர் கார்டு பண்றா, அதாவது பேண்டோட சேந்து கொடி சுத்தி ஆடறது, நான் பேண்ட் பேரண்ட்ஸ்ல (பேண்ட் பசங்களோட பெத்தவங்க குழு) ஃப்ளாக் தைக்கற டீம். அங்க வயசான கார்டு இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர் இருக்கார், 80கள் ஆரம்பத்துல ட்ரம் கோர்ல ரைஃபிள் லைன்ல (மரத் துப்பாக்கிய சுத்தித் தூக்கிப் போட்டு ஆடற வரிசை) மார்ச் பண்ணவர். ஒரு நாள் ரிகர்சல் முடிஞ்சு ஃப்ளாக் எல்லாம் சுருட்டிக்கிட்டு இருக்கும்போது அவர் அந்தக் காலத்து ஷோ பத்திப் பேச ஆரம்பிச்சார், யார் யார் எந்த யார்ட் லைன்ல நின்னாங்கனு புல்லுல நடந்து நடந்து காட்டினார். இங்க ஒருத்தன், இவன் 80கள் கடைசில போயிட்டான், இவனுக்கு ரெண்டு ஸ்டெப் தள்ளி ஒருத்தன், அவன் போனதே ரெண்டு வருஷம் கழிச்சுதான் எங்களுக்குத் தெரியும்னு. நோய் என்னன்னு நான் கேக்கல, அவரே சொன்னார். இத்தன வருஷத்துல பேண்ட் சம்பந்தப்பட்ட எடத்துல நின்னுக்கிட்டு இத வாய் விட்டு சொல்றது இதுதான் முதல் தடவன்னும் சொன்னார்.

அதுக்கப்பறம் ரெண்டு பேரும் லேப்டாப்ப வெச்சுக்கிட்டு தேடினோம்.

தேடறது சுலபம். பேர டைப் பண்ணா அந்தப் பேர் இருக்கற ப்ளாக் வரும். ப்ளாக்னா எட்டு பேனல சேத்து தெச்ச பன்னெண்டடி சதுரம், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு, நம்பர் தெரிஞ்சா நேரா அதுக்கும் போலாம். ஃபோட்டோ தரம் ரொம்ப நல்லா இருக்கு, பெரிசாக்கினா தையல் வரைக்கும் தெரியுது, தைக்கறவளா சொல்றேன், யார் மெஷின்ல தெச்சாங்க யார் கையால தெச்சாங்கன்னு கண்டுபிடிக்கலாம். ஜீன்ஸ், ஸீக்வின், டெடி பேர், கல்யாண மோதிரம், போட்டில வாங்கின ரிப்பன், சில பேனல்ல அஸ்தி கூட வெச்சு தெச்சிருக்காங்க. அவசரமா பாத்துட்டுப் போற எடம் இல்ல இது, நேரம் ஒதுக்கிட்டுப் போங்க.

இப்ப சிக்கல். தேடணும்னா பேர் தெரியணும். அவருக்குத் தெரிஞ்ச பாதிப் பேர் பட்டப்பேர். டூர் பஸ்ல கூப்பிட்ட பேர், யூனிஃபார்ம் பேக்ல மார்க்கர்ல எழுதின பேர். ஒரு முழு கோடை பக்கத்துல படுத்து தூங்கி ஒரே தட்டுல சாப்பிட்ட ஆளோட சர்நேம் தெரியாது. தெரிஞ்ச சிலர் பேரப் போட்டா எதுவும் வரல. ஒருத்தர் கிடைச்சார், ஊரும் வருஷமும் பொருந்துச்சு. குடும்பத்துல தெச்ச பேனல், அவ்ளோ பாசமா செஞ்சிருக்காங்க, ஆனா அதுல கோர் பத்தி ஒரு வார்த்த கெடயாது, ஃப்ளாக் இல்ல, ரைஃபிள் இல்ல, ஒரு மெடல் கூட இல்ல. அந்தக் குடும்பத்துக்கு கோர் நண்பர்கள் யாருன்னே தெரிஞ்சிருக்காது, இவங்களுக்கு அந்தக் குடும்பம் துணி தெச்சுக்கிட்டு இருந்தது தெரிஞ்சிருக்காது. அவர் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தார், அப்பறம் அவன் டாஸ் போட்டா, மேல தூக்கிப் போட்டா, ஒரு தடவ கூட கீழ விழாதுன்னு மட்டும் சொன்னார்.

ஏன் இப்படி ஆச்சுன்னு யோசிச்சா வயசுக் கணக்குதான் முதல் காரணம்னு எனக்குப் படுது. அப்ப கோர்ல மார்ச் பண்ண வயசு வரம்பு 21, அதோட ஏஜ் அவுட், வெளிய வந்துடணும். ஹெச்ஐவி உள்ள போச்சுன்னா மருந்து இல்லாத அந்தக் காலத்துல எய்ட்ஸா முத்தறதுக்கு சராசரியா பத்து வருஷம் எடுக்கும். அப்போ 1982ல இருபது வயசுல மைதானத்துல நின்ன பையன் படுக்கைல விழறது 1990க்கு மேல. அதுக்குள்ள அவன் வேற ஊர், வேற வேலை, சில சமயம் அந்தக் கோரே மூடியிருக்கும், 80கள்ல எத்தனையோ கோர் பணம் இல்லாம மடிஞ்சுது. அதனால எந்த சீசன்லயும் லைன்ல ஒரு எடம் காலியா தெரியல. இறந்தது பழைய மெம்பர், இன்ஸ்ட்ரக்டர், ட்ரில் (மைதானத்துல யார் எப்ப எங்க நடக்கணும்ங்கற திட்டம்) எழுதினவர், கார்டு ஷோ டிசைன் பண்ணவர். அவங்க போட்ட ட்ரில்லயும் கத்துக்குடுத்த ஸ்டைலயும் வெச்சு இன்னைக்கும் பசங்க ஆடறாங்க, ஆனா அந்த ஆள் எங்கன்னு கேட்டா உடம்பு சரியில்லாம போயிட்டார்னு முடிச்சிடுவாங்க. அந்தக் காலத்து இரங்கல் செய்தில நிமோனியா, கேன்சர், நீண்ட நாள் நோய்னு போடறது வழக்கம். அமெரிக்காவுல 1994 வாக்குல 25லேர்ந்து 44 வயசுக்காரங்க சாவுக்கு முதல் காரணமே எய்ட்ஸ்தான், 2000 முடியறதுக்குள்ள 4,48,000 பேர் போயாச்சு, அத்தன இளவயசு ஆளுங்க கூடற ஒரு கலைல மட்டும் யாருக்கும் எதுவும் ஆகலன்ற மாதிரி எப்படி இருக்க முடியும்?

ரெண்டாவது காரணம் பயம். அத நான் லேசா பேச மாட்டேன். இந்த கோர் எல்லாம் வெட்டரன்ஸ் ஆஃப் ஃபாரின் வார்ஸ், அமெரிக்கன் லீஜியன் போஸ்ட் மாதிரி முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள், சர்ச்னு இவங்க ஆதரவுல வளந்தது. 1972ல டிசிஐ (ட்ரம் கோர் இண்டர்நேஷனல், கோர் போட்டி நடத்தற அமைப்பு) முதல் சாம்பியன்ஷிப் விஸ்கான்சின்ல வொயிட்வாட்டர்ல நடந்தப்போ கூட அந்த வாடை போகல. கோடை முழுக்க டூர் போற கோர் படுக்கறது ஊர் ஊரா ஸ்கூல் ஜிம் தரைல, குளிக்கறது ஸ்கூல் ஷவர்ல. அதே நேரத்துல 1985ல இண்டியானால கோகோமோ பக்கத்து ஸ்கூல்ல ரயன் ஒயிட்ங்கற பையன உள்ளயே விடல, அவனுக்கு ஹீமோஃபீலியா, ரத்தம் சரியா உறையாத நோய், அதுக்கு ஏத்தின ரத்தப் பொருள் வழியா ஹெச்ஐவி வந்தது, அப்ப அவன் சின்னப் பையன். கேஸ் போட்டு போராடித்தான் திரும்ப ஸ்கூலுக்குப் போனான், 1990ல இறந்துட்டான். இப்ப டிசிஐ ஃபைனல்ஸ் நடக்கற இண்டியானாபோலிஸ்லேர்ந்து அந்த ஊர் ஒரு மணி நேர டிரைவ்தான். ஒரு சின்னப் பையனுக்கே அந்த கதின்னா, எங்க டீம்ல ஹெச்ஐவி பாசிட்டிவ் ஆள் இருக்காருன்னு எந்த கோர் டைரக்டர் வாய தொறப்பார், அடுத்த ஊர் ஸ்கூல் கதவ சாத்திட்டா நூத்துக்கு மேல பசங்கள எங்க படுக்க வைப்பார். அப்பா அம்மா பசங்கள அனுப்ப மாட்டாங்கன்ற பயம் வேற. அந்தப் பயம் எனக்குப் புரியுது. 1996ல கூட்டு மருந்து வந்து சாவு மடமடன்னு கொறஞ்ச பிறகும் முப்பது வருஷமா அதே மௌனம் நீடிக்கறதுதான் எனக்குப் புரியல. இன்னைக்கு ஒழுங்கா மாத்திர சாப்பிட்டு வைரஸ் டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கொறஞ்ச ஒருத்தர்கிட்டேர்ந்து உடலுறவு வழியா கூட பரவாது. பின்ன எதுக்கு இன்னும் அலும்னி நினைவு லிஸ்ட்ல பேரும் ரெண்டு வருஷமும் மட்டும் போட்டுட்டு கம்முனு இருக்கோம்?

குயில்ட்லயே இந்த மௌனத்துக்கு ஒரு பேனல் இருக்கு. தன் சகோதரனுக்காக ஒருத்தர் செஞ்சது. பேர் வெளிய வரக்கூடாதுன்னு அப்பா அம்மா சொல்லிட்டாங்க, அதனால பேர் போடல, பேர் இல்லாததே குடும்பங்களுக்கு எவ்ளோ பயம்னு காட்டட்டும்ன்ற அர்த்தத்துல துணி மேலயே எழுதி வெச்சிருக்காங்க. வெறும் முதல் பேர், வெறும் இனிஷியல் போட்ட பேனலும் உண்டு. தேடும்போது முழுப்பேர்ல வரலன்னா உடனே மூடிட்டுப் போகாம முதல் பேர மட்டும் போட்டு, ஊரையும் காலத்தையும் மனசுல வெச்சுக்கிட்டு பொறுமையா ஒவ்வொண்ணா பாருங்க.

இன்னொரு விஷயம், நிறைய பேருக்குத் தெரியாது, அவங்க இன்னும் புது பேனல் வாங்கிக்கறாங்க. குடும்பமா இருக்கணும்னு அவசியம் இல்ல, நண்பர் செய்யலாம், ஒரு கோர் அலும்னி குரூப்பே சேந்து செய்யலாம், ஏற்கனவே ஒரு பேனல் இருக்கறவருக்கு இன்னொண்ணு செய்யலாம். சேத்துக்கக் காசு கேக்கறதில்ல, நன்கொடை குடுத்தா வாங்கிப்பாங்க. அளவு மட்டும் கறார், முடிஞ்ச பிறகு சரியா மூணடிக்கு ஆறடி, நிக்க வெச்சோ படுக்க வெச்சோ டிசைன் பண்ணலாம், மடிச்சுத் தைக்க நாலு பக்கமும் ரெண்டு மூணு இன்ச் விட்டு வெட்டுங்க. துணி இழுபடாத நடுத்தர கனமான காட்டன் நல்லது. என் அனுபவத்துல சொல்றேன், ஃப்ளாக் தைக்கற வழுவழு துணிய அடித்துணியா போடாதீங்க, மேல ஒட்டற தையலோட எடைக்கு சுருங்கி இழுத்துக்கும், பழைய ஃப்ளாக் துண்டு இருந்தா மேல அலங்காரமா வெச்சு தைங்க. க்ளூ நாளாக நாளாக விட்டுப்போகும், தையல்தான் நிக்கும். அந்த ஆளப் பத்தி ஒரு கடிதமும் ஃபோட்டோவும் கூட அனுப்பச் சொல்றாங்க. கோர் பேர், எந்த செக்ஷன், எந்த வருஷம்னு அந்தக் கடிதத்துல எழுதினா அதுவும் அவங்க ஆவணத்துல சேரும்.

ஒரு எச்சரிக்கை. இறந்தவர் உயிரோட இருக்கும்போது யார்கிட்டயும் சொல்லலன்னா, அலும்னி ஃபேஸ்புக் குரூப்ல திடீர்னு பேர் போட்டு இவருக்கு எய்ட்ஸ்னு எழுதறது தப்பு, அது சாட்சி சொல்றது ஆகாது. அவரோட துணை, சகோதர சகோதரி யாராவது இருந்தா முதல்ல அவங்ககிட்ட போங்க. நிறைய குடும்பம் இத்தன வருஷம் யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கும், எங்க இன்ஸ்ட்ரக்டர் பேசின ஒரு அக்கா ஃபோன்லயே அழுதுட்டாங்களாம், தம்பி கோர்ல இருந்தப்போ எப்படி இருந்தான்னு அவங்களுக்கு சொல்ல ஆளே இல்லாம இருந்திருக்கு. வேணாம்னு சொல்ற குடும்பமும் இருக்கும், அப்ப முதல் பேர் மட்டும் போடலாமான்னு கேட்டுப் பாருங்க, அதுக்கும் வேணாம்னா விட்டுடுங்க.

சைட்ல எனக்கு ஒரே ஒரு ஆசை, பேனல் மேல தெச்சிருக்கற வாத்தியம், யூனிஃபார்ம், கொடி இதையெல்லாம் வெச்சும் தேட முடிஞ்சா நமக்கு ரொம்ப உதவும். ஒரு லட்சத்துக்கு மேல பேர் இருக்கற எடத்துல அது எவ்ளோ பெரிய வேலைன்னு தெரியும், அதனால மார்க் கொறைக்கல. ப்ளாக்குகள கண்காட்சிக்கு இரவல் தர ஏற்பாடும் இருக்கு, நிறைய ஸ்கூல், காலேஜ் வாங்கி வெச்சிருக்காங்க. பெரிய ஷோ வாரத்துல நம்ம ஆளுங்க ஒரு ப்ளாக்க வரவழைச்சு பசங்க நடந்து போற எடத்துல வெச்சா எவ்ளோ நல்லா இருக்கும், நடத்தறவங்க யாராவது படிச்சா தயவுசெஞ்சு விண்ணப்பம் போடுங்க.

80, 90கள்ல மார்ச் பண்ணவங்க இத படிச்சா, பழைய ரோஸ்டர், டூர் புக், பஸ் லிஸ்ட் எது கைல இருந்தாலும் எடுத்து பட்டப்பேருக்குப் பக்கத்துல முழுப்பேர எழுதுங்க, சொந்த ஊரும் எழுதுங்க, உங்களுக்கு நெனப்பு இருக்கும்போதே. அப்பறம் தேடுங்க. கிடைக்கலன்னா பேனல் செய்யலாம். தைக்கத் தெரியலன்னா பக்கத்து ஹை ஸ்கூல் பேண்ட் பேரண்ட்ஸ்ல ஃப்ளாக் தைக்கறவங்க யாருன்னு விசாரிங்க, எல்லா ஸ்கூல்லயும் ரெண்டு மூணு பேராவது இருப்போம், கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டோம்.