நரசிங்கம்பேட்டையில் செய்து வாங்கிய திமிரி நாயனம்

திமிரி என்கிற குட்டையான நாகஸ்வரம் வேண்டும் என்று கேட்டால் இப்போது இசைக்கருவிக் கடைகளில் விழிக்கிறார்கள். நாகஸ்வரம் என்றாலே நீளமான பாரிதான் என்று ஆகிவிட்டது. கோயில் கைங்கர்யம் பார்க்கும் எனக்கும் அன்றாட வாசிப்பு பாரியில்தான். ஆனாலும் சுவாமி புறப்பாட்டுக்குத் திமிரிதான் எடுப்பு என்பது என் கட்சி. அதனால் நரசிங்கம்பேட்டைப் பட்டறை ஒன்றில் முன்பணம் கட்டி, நாலரைக் கட்டை சுருதியில் ஒன்று செய்யச் சொன்னேன்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில், ஆடுதுறையை ஒட்டி இருக்கிற ஊர். இங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலவு என்கிற மரக்குழலுக்கு ஆச்சா மரம்தான். அதுவும் புது மரம் ஆகாது. வெயிலும் எச்சில் ஈரமும் பட்டால் வெடித்துவிடும். இடித்த பழைய வீடுகளின் தூண், உத்தரங்களைத் தேடி வாங்கி வைத்திருக்கிறார்கள். என்னுடையதும் அப்படி ஒரு வீட்டு உத்தரம்தான். கடைசல் முடிந்ததும் ஆசாரி உலவைக் கண்ணருகே வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்துளை ஒரு இடத்தில் இறுகினாலும் மேல் ஸ்தாயி அடைத்துக்கொள்ளும்.

மைக் இல்லாத நாளில் நாலு மாட வீதிக்கும் கேட்க வேண்டியது நாயனம். குட்டையான உலவும் தூக்கலான சுருதியும் அதற்கு ஏற்றவை. ஆனால் பழைய அளவு நாயனங்களில் சுத்த மத்தியமம், அதாவது 'ம' சுரத்தின் கீழ் வகை, நேராக நிற்காது. மூச்சையும் உதட்டையும் அடக்கித்தான் அந்தச் சுரத்தைப் பிடிக்க வேண்டும். தோடியும் காம்போதியும் சங்கராபரணமும் சுத்த மத்தியம ராகங்கள் என்பதை நினைத்தால் வித்வான்கள் பட்ட பாடு புரியும். இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி, நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான பாரியைச் செய்து, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும்படி துளைகளை அமைத்தார். சுருதியும் இறங்கியது, நாதம் கனத்தது, கச்சேரி மேடைக்கு வாகாக இருந்தது. அதன்பின் திமிரி ஓரங்கட்டப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. பிள்ளையவர்களின் தோடியைக் கேட்டவர்கள் யார்தான் பாரியை வேண்டாம் என்பார்கள்?

சரி, என் திமிரிக்கு வருகிறேன். சட்ஜமும் பஞ்சமமும் ஊதியவுடனே நின்றன. சுத்த மத்தியமத்துக்கு இன்னமும் உதட்டில் கொஞ்சம் பிடி வேண்டும், ஆனால் சுரம் நழுவவில்லை. கீழே இருக்கிற, விரல் வைக்காத பிரம்ம சுரத் துளைகளில் ஆசாரி மெழுகைக் கொஞ்சம் வைத்தும் எடுத்தும் சுருதி சேர்த்தார். நான் ஊதிக்கொண்டே இருந்தேன். அவர் அவசரப்படவே இல்லை. அந்தப் பொறுமைக்கே பணம் கொடுக்கலாம். புறப்பாட்டில் மல்லாரி வாசித்தபோது, தவில் ரெண்டும் முழங்கியும் நாதம் அமுங்கவில்லை. சன்னிதித் தெரு முனையில் நின்ற என் தம்பிக்கு ஒவ்வொரு பிர்காவும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறது.

குறை என்றால் வாயில் வைத்து ஊதுகிற சீவாளிதான். கருவியோடு கொடுத்தவை பாரி அளவுக்குச் சீவியவை. திமிரியின் கெண்டையில், அதாவது சீவாளியைப் பொருத்தும் உலோகக் குழலில், நூல் சுற்றி ஏற்றினால் காற்று ஒழுகியது, மேல் பஞ்சமம் பிளிறியது. திருவாவடுதுறையில் சொல்லிவைத்துச் சின்னதாக வாங்கிய பிறகுதான் கருவியின் முழு குணம் தெரிந்தது. கருவி செய்கிற இடத்திலேயே இதைக் கவனித்திருக்க வேண்டும். திமிரிக்குச் சீவாளி கேட்டு வருகிறவர்களே குறைவு, அதனால் சீவி வைப்பதில்லை என்கிறார்கள். ஆள் கேட்டால்தானே கை பழகும், ஆகவே கேளுங்கள்.

புதிதாகக் கற்பவர்கள் இதை வாங்க வேண்டாம்; பாரியில் உதடு பழகட்டும். கோயில் வாசிப்பில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்து வாங்கலாம். போகும்போது உங்கள் சுருதிப்பெட்டியைக் கையோடு கொண்டுபோய், அதோடு சேர்த்து ஊதிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.