விடைபெறும் செயலியோடு ஐந்து ஆண்டுகள்

2021 பிப்ரவரியில் நான் ஓர் இன்டெல் மேக்புக் ப்ரோ வாங்கினேன். இன்டெல் செயலிக்கு (கணினியை இயக்கும் மையச் சில்லுக்கு) மாற்றாக ஆப்பிளே வடிவமைத்த எம்1 செயலி கடைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மென்பொருள் துறையில் இருக்கும் என் தங்கை பெட்டியைப் பார்த்ததும், "தெரிந்தே பழையதை வாங்குகிறீர்களே அக்கா?" என்று கேட்டாள். தெரிந்தேதான் வாங்கினேன். காரணத்தை அன்று அவளுக்கு விளக்கினேன். இன்றும் பலர் அதே கேள்வியோடு வருவதால், இந்த ஐந்து ஆண்டு அனுபவத்தை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

நான் வாங்கியது 2020-இன் 13 அங்குல மாதிரி. நான்கு தண்டர்போல்ட் போர்ட்டுகள், பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி சேமிப்பு. புதிதாக அதன் விலை 1,74,900 ரூபாய். எம்1-க்கு மாறிக்கொண்டிருந்த ஒருவர், எட்டு மாதம் மட்டுமே பயன்படுத்தியதை 1,05,000 ரூபாய்க்குக் கொடுத்தார். அதே நேரத்தில் எம்1 மேக்புக் ஏர் 92,900 ரூபாய்க்குப் புதிதாகவே கிடைத்தது. அதைவிட அதிகம் கொடுத்து, போகிற செயலியை வாங்கினேன் என்றால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காரணம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். புத்தகப் பக்க வடிவமைப்பு என் தொழில். நான் வேலை செய்துகொடுக்கும் பதிப்பகங்களின் அலமாரியில், 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் பேஜ்மேக்கரில் கோர்த்த புத்தகங்கள் ஏராளம். மறுபதிப்பு வரும்போதெல்லாம் அந்தக் கோப்புகளைத் திறந்தாக வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அந்தக் கோப்புகளை நேரடியாகத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் (இப்போது நாங்கள் பக்கம் கோர்க்கும் மென்பொருள்), 2012-இல் வந்த சிஎஸ்6. அதுவும் 32 பிட் என்ற பழைய வகை மென்பொருள். 2019 அக்டோபரில் வந்த மேக் இயங்குதளமான மேக்ஓஎஸ் கேட்டலினாவோ 32 பிட் மென்பொருள்களை முழுவதுமாகக் கைவிட்டது. ஆக, மேக் பக்கம் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

ஆனால் இன்டெல் மேக்கில் இன்னொரு கதவு இருந்தது. பூட் கேம்ப் என்ற ஆப்பிளின் வசதி மூலம் அதே இயந்திரத்தில் விண்டோஸ் 10-ஐ நேரடியாக நிறுவலாம். அதில் 32 பிட் மென்பொருள்கள் ஓடும். எம்1-இல் பூட் கேம்ப் கிடையாது. காலையில் மேக்கில் இன்டிசைனும் மாலையில் விண்டோஸில் பேஜ்மேக்கரும் என ஒரே மடிக்கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி இல்லை.

கோப்பு திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்தில் அமைந்தவை அல்ல. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களை அறிவித்தும்கூட, ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் வழியிலேயே போனது. ஓர் எழுத்துருவில் 'கு' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறேதோ இருக்கும். பழைய எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் திறந்து, பக்கம் ஒழுங்காகத் தெரிகிறதா என்று அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, இன்டிசைனில் புதிதாகக் கோர்க்க வேண்டும். ஒரு நாவலுக்கு மூன்று வாரம் ஆகும். அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வு நூல் என்றால் இரண்டு மாதம்கூட ஆகும்.

என் கையில் அப்போது இருந்தவை 48 புத்தகங்கள். ஆண்டுக்குப் பத்து முடிக்கலாம் என்று கணக்கிட்டேன். அப்படியானால் ஐந்து ஆண்டு. அந்த ஐந்து ஆண்டும் இந்த இயந்திரம் தாக்குப்பிடித்தால் எனக்குப் போதும். அதற்குப் பிறகு அதன் கதி என்ன என்ற கவலையே எழவில்லை.

இந்தக் கணக்கைப் போட எனக்குக் கற்றுக்கொடுத்தது அதற்கு முந்தைய மாற்றம். பவர்பிசி செயலிகளை விட்டு இன்டெலுக்குப் போகிறோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தது 2005 ஜூன் 6-ஆம் தேதி. 2006 தொடக்கத்தில், நான் வேலை பழகிய அலுவலகத்தில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று ஓர் ஐபுக் ஜி4 வாங்கினார்கள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. நல்ல விலை என்பது மட்டுமே பேச்சு. 2007 அக்டோபரில் வந்த லெப்பர்டு என்ற மேக் இயங்குதளம் அதில் ஓடியது. 2009 ஆகஸ்டில் வந்த ஸ்னோ லெப்பர்டு இன்டெலுக்கு மட்டுமே. மூன்றரை ஆண்டில் புதிய மென்பொருள்களின் வரிசையிலிருந்தே அது வெளியேறிவிட்டது. அதில் மட்டுமே ஆகக்கூடிய வேலை என்று ஒன்றும் எங்களிடம் இல்லாததால், அது மேசையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் வலிக்கிறது.

முதல் ஆண்டு முழுக்க நான் எடுத்த முடிவு சரியென்றே பட்டது. எம்1 வாங்கிய சக வடிவமைப்பாளர்கள் இன்டெலுக்கு எழுதிய மென்பொருளை எம்1-இல் ஓடவைக்கும் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியாகவே இன்டிசைனை ஓட்டினார்கள். எம்1-க்கென்றே எழுதப்பட்ட ஃபோட்டோஷாப் 2021 மார்ச்சிலும் இன்டிசைன் அந்த ஆண்டு ஜூனிலும்தான் வந்தன. என் மேசையில் இரண்டு வெளித்திரைகள் உண்டு. என் இயந்திரம் இரண்டு 4கே திரைகளை ஏற்றுக்கொண்டது. எம்1 மடிக்கணினிகள் அதிகாரபூர்வமாக ஒன்றைத்தான் ஏற்கும். மெய்ப்பு ஒரு திரையிலும் பக்கம் இன்னொரு திரையிலும் இருப்பது என் வேலைக்கு எவ்வளவு வசதி என்பதை ஒப்புநோக்கிப் பழகியவர்கள் அறிவார்கள்.

ஆனால் 2022-இலிருந்து காற்று திசை மாறியதை மறைக்க மாட்டேன். தங்கை எம்1 ஏர் வைத்திருந்தாள். அதில் விசிறியே இல்லை. என்னுடையது 28 வாட் வகைச் செயலி. நூறு பக்கப் பிடிஎஃப் எடுக்கும்போது விசிறி சுழலத்தான் செய்யும், அது அந்தச் செயலியின் இயல்பு. பேட்டரியிலும் அப்படியே: இணையம் பார்க்க இன்டெல் 13 அங்குலத்துக்கு 10 மணி நேரம், எம்1 கொண்ட 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு 17 மணி நேரம் என்று ஆப்பிளே சொல்லியிருந்தது. ரயிலில் ஊருக்குப் போகும்போது அவள் சார்ஜர் எடுத்துவர மாட்டாள். அவளுடைய வேலைக்கு எம்1-தான் சரி. பயணம், எழுத்து, படிப்பு என்று மடிக்கணினி தேடுகிற எவருக்கும் அன்றே நான் அதைத்தான் பரிந்துரைத்தேன்.

2024-இல் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதி வந்தபோது இன்டெல் மேக்குகளுக்கு அதில் இடமில்லை. எனக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. 2025 ஜூனில் வந்த அறிவிப்புதான் முக்கியம்: மேக்ஓஎஸ் டாஹோவே இன்டெலில் ஓடும் கடைசிப் பதிப்பு. அதிலும் நான்கு இன்டெல் மாதிரிகளுக்கு மட்டுமே அனுமதி. 2019-இன் 16 அங்குல மேக்புக் ப்ரோ, 2019 மேக் ப்ரோ, 2020-இன் 27 அங்குல ஐமேக், 2020-இன் நான்கு போர்ட் கொண்ட 13 அங்குல மேக்புக் ப்ரோ.

இந்தப் பட்டியலைச் சற்று நின்று பாருங்கள். அதே 2020-இல், அதே பெயரில், அதே 13 அங்குலத்தில் இரண்டு போர்ட் கொண்ட மலிவான மாதிரியும் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது எட்டாம் தலைமுறைச் செயலி. அது பட்டியலில் இல்லை; 2020 இன்டெல் மேக்புக் ஏரும் இல்லை. செயலி மாறும் காலத்தில் பழையதை வாங்கியே தீர வேண்டும் என்றால், அந்தத் தலைமுறையின் கடைசியும் மேலானதுமான மாதிரியை வாங்குங்கள். அன்று ஐம்பதாயிரம் மிச்சப்படுத்தப் புதிதாக இரண்டு போர்ட் மாதிரியை எடுத்தவர்களுக்கு இயங்குதள வரிசை ஓராண்டு முன்னதாகவே முடிந்துவிட்டது.

என் விஷயத்தில் இரண்டு கதவுகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சாத்தப்பட்டன. 2025 செப்டம்பரில் டாஹோ வந்தது. அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பூட் கேம்ப் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. எனவே விண்டோஸ் பக்கத்தில் இணையத்தைத் துண்டித்துவிட்டேன். கோப்புகள் பென் டிரைவில் வருகின்றன, பென் டிரைவில் போகின்றன. டாஹோவுக்கு இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதால் மேக் பக்கம் மின்னஞ்சலுக்குத் தடையில்லை.

இன்று ஒருவர் இன்டெல் மேக் வாங்கலாமா என்று கேட்டால், வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். 2021-இல் இருந்த நியாயம் இப்போது இல்லை. பழைய எம்1 ஏரே நியாயமான விலைக்குக் கிடைக்கும்போது எதற்கு? என்னைப்போல் கட்டிப்போடும் வேலை இருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களும் 2016 முதல் 2019 வரையிலான 13 அங்குல மாதிரிகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் பட்டர்ஃபிளை விசைப்பலகைக்காக ஆப்பிள் தனிப் பழுதுநீக்கத் திட்டமே நடத்த வேண்டியிருந்தது. பேட்டரியின் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையைக் கணினித் தகவலில் பாருங்கள், ஆயிரம்தான் வரம்பு. முந்தைய உரிமையாளர் தன் கணக்கை நீக்கி, இயந்திரத்தை அந்தக் கணக்கோடு பிணைக்கும் பூட்டான ஆக்டிவேஷன் லாக்கை எடுத்துவிட்டாரா என்று உங்கள் கண் முன்னாலேயே சரிபார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் மடிக்கணினிகளில் நிர்வாகப் பூட்டு அப்படியே இருந்துவிடுவது உண்டு. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினாலும் அது திரும்பி வரும். சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்டவும் முடியாது.

விண்டோஸ் மடிக்கணினி வாங்குகிறவர்களுக்கு இந்த அச்சம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலி கொண்ட மடிக்கணினிகள் வந்தாலும், இன்டெலும் ஏஎம்டியும் அங்கே பழையவை ஆகிவிடவில்லை. மேக்கில் ஒரே நிறுவனம் செயலியையும் இயங்குதளத்தையும் முடிவு செய்கிறது. அது நகர்ந்தால் எல்லோரும் நகர்ந்தாக வேண்டும். விண்டோஸில் அப்படி இல்லை.

நாற்பத்தெட்டில் நாற்பத்து மூன்று புத்தகங்களை மாற்றி முடித்துவிட்டேன். சென்ற மாதம் ஒரு பதிப்பாளர் அழைத்து, "அம்மா, எங்கள் சித்த மருத்துவ அகராதி உங்களிடம்தானே இருக்கிறது? அதை யாராலும் திறக்க முடியவில்லையாம்" என்றார். அறுநூற்று எண்பது பக்கம், மூன்று விதமான எழுத்துருக்கள், மூலிகைப் பெயர்களுக்கென்று தனியாகச் செய்த நான்காவது ஒன்று. இயந்திரத்தை விண்டோஸில் தொடங்கினேன். விசிறி சுழலத் தொடங்கியது, கோப்பு திறந்தது. இப்போது 'க' வரிசையில் இருக்கிறேன்.